வயலில் கோல் போஸ்ட் நடப் போகிறவர்களுக்கு: டெல்டாவில் பல்கலைக்கழகக் கால்பந்துப் போட்டி நடத்தும் வழி

பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான கால்பந்துப் போட்டியை நடத்தும் வாய்ப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது என்று கடிதம் வரும். துணைவேந்தர் அறையில் லட்டு கொடுப்பார்கள். அன்று சாயங்காலமே உங்களை ஆர்கனைசிங் செக்ரட்டரி ஆக்கிவிடுவார்கள். காரணம், உடற்கல்வித் துறையில் புதிதாகச் சேர்ந்தவர் நீங்கள்தான், முடியாது என்று சொல்லத் தெரியாதவரும் நீங்கள்தான். எனக்கும் அப்படித்தான் வந்து சேர்ந்தது. காவிரிக் கரை ஊர்களில் இந்த வேலையில் மாட்டுகிறவர்களுக்காக, பட்டதை எழுதி வைக்கிறேன்.

முதலில், கையில் வந்திருப்பது எது என்று பாருங்கள். பல்கலைக்கழகப் போட்டிகளுக்கு மேலிடம் ஏ.ஐ.யு. என்கிற இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு, 1925இல் தொடங்கியது. நாட்டை நான்கு மண்டலமாகப் பிரித்து முதலில் மண்டலப் போட்டி நடத்துவார்கள். மண்டலத்துக்கு நான்கு அணி வீதம் 16 அணிகள் அகில இந்தியப் போட்டிக்குப் போகும். ஆண்கள் கால்பந்தில் அந்தக் கோப்பைக்கு சர் அசுதோஷ் முகர்ஜி பெயர். கோழிக்கோடு பல்கலைக்கழகம் அதைப் பல தடவை தூக்கியிருக்கிறது. அவர்கள் வருகிற அன்று வேலி ஓரம் கூட்டம் தானாகச் சேரும்.

அகில இந்தியப் போட்டி என்றால் 16 அணிகள். நான்கு குழுவாகப் பிரித்தால் குழு ஆட்டம் 24, காலிறுதி 4, அரையிறுதி 2, மூன்றாம் இடத்துக்கு ஒன்று, இறுதி ஒன்று, ஆக 32 ஆட்டம். மண்டலப் போட்டியைப் பேர் சின்னதாக இருக்கிறதே என்று லேசாக நினைக்காதீர்கள். நம் தென் மண்டலம் என்றால் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரி எல்லாம் அதில் வரும். தலைவலியில் அதுதான் பெரியது.

முதல் படி: தண்ணி எங்கே போகும் என்று கேளுங்கள்

கோப்பை, பேனர், டி-ஷர்ட், வி.ஐ.பி. பட்டியல் எல்லாம் பிறகு. கடிதம் வந்த மறுநாள் காலை ஒரு மண்வெட்டியோடு கிரவுண்டுக்குப் போங்கள்.

டெல்டாவில் உள்ள கல்லூரி மைதானங்களில் பாதிக்கு மேல் ஒரு காலத்தில் நஞ்சை. நஞ்சை என்பது தண்ணி நிற்பதற்காகவே மனிதன் செய்த நிலம். தலைமுறை தலைமுறையாகத் தொளி அடித்து, சேறு கலக்கி, மிதித்து மிதித்து, மேல்மண்ணுக்குக் கீழே ஒரு சாண் ஆழத்தில் கெட்டியான அடுக்கு ஒன்று உருவாகியிருக்கும். தண்ணி அதற்குக் கீழே இறங்காது. நாற்றுக்கு அது வரம். கால்பந்துக்கு அதுதான் எமன். மேலே இரண்டு லோடு செம்மண் கொட்டி ரோலர் ஓட்டினால் மைதானம் ஆகிவிட்டது என்று கட்டடப் பிரிவில் சொல்வார்கள். தலையாட்டிவிட்டு, நீங்கள் தோண்டிப் பாருங்கள்.

எங்கள் மைதானத்தில் வடமேற்கு மூலையில், சரியாகக் கார்னர் கொடிக்குப் பக்கத்தில், எப்போது மழை பெய்தாலும் ஒரு குளம் கட்டும். மூன்று தடவை மண் போட்டு மேடாக்கினோம். மூன்று தடவையும் பழைய இடத்திலேயே தண்ணி. கிரவுண்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம், "ஏண்ணே, இந்த மூலை மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டேன்.

"சார், இது எங்க தாத்தா உழுத வயலு. அந்த மூலையிலதான் மடை இருந்துச்சு. வாய்க்காலத் தூத்துப்புட்டு மேல சுவரு கட்டிட்டாங்க. தண்ணிக்குத் தெரியுமா சுவரு கட்டுனது? அது பழைய வழியிலதான் போவும்."

சுவருக்கு அடியில் ஒரு குழாய் பதித்துத் தண்ணியை அந்தப் பக்கம் விட்டோம். அரை நாள் வேலை. அதற்கு முன் மண்ணுக்குச் செலவழித்த பணத்தைச் சொன்னால் தணிக்கைக்காரர் இப்போதும் கோபப்படுவார்.

ஆகவே இந்தப் படியில் செய்ய வேண்டியது: ஊர்க்காரர் ஒருவரை அழைத்து, பழைய வாய்க்கால், மடை, வரப்பு எங்கெங்கே இருந்தது என்று காலால் நடந்து காட்டச் சொல்லுங்கள். பிறகு கெட்டி அடுக்கைத் தாண்டும் அளவுக்குக் குறுகிய பள்ளங்களை அகலவாக்கில் வெட்டி மணல் நிரப்புங்கள். ஒரு கோலிலிருந்து மறு கோல் வரை நீளவாக்கில் நடு உயரம், இரு பக்கமும் சரிவு என்று மைதானம் மாட்டு முதுகு மாதிரி இருக்க வேண்டும். அகலம் 68 மீட்டர் என்றால் நடுவிலிருந்து ஓரம் வரை 34 மீட்டர். நூற்றுக்கு ஒன்று சரிவு வைத்தால் நடு 34 சென்டிமீட்டர் உயரம். கண்ணுக்குத் தெரியாது, தண்ணிக்குத் தெரியும்.

இதெல்லாம் சித்திரை, வைகாசியில் முடிய வேண்டும். வழக்கப்படி ஜூன் 12 மேட்டூர் திறந்து, வாய்க்காலில் தண்ணி ஓட ஆரம்பித்துவிட்டால் கதை மாறிவிடும். வாய்க்கால் நீர்மட்டம் உங்கள் வடிகாலைவிட மேலே நிற்கும். வடிய வேண்டிய தண்ணி உள்ளே வரும். அந்த நிலை வந்துவிட்டால் ஆயில் இன்ஜின் வாடகைக்கு எடுத்து இறைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

புல்லுக்கு அருகம்புல்லே போதும், வெளியூரிலிருந்து எதையும் வாங்க வேண்டாம். ஆடிப் பட்டம் தேடி விதை என்று பயிருக்குச் சொன்னது இதற்கும் சரிதான். ஆடியில் கரணை கரணையாக நட்டால் கார்த்திகைக்குள் மூடிவிடும். நடுவில் ஆடு, மாடு வராமல் பார்த்துக்கொள்வது தனி உத்தியோகம்.

ரோலர் பற்றி ஒரே விதி. ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். முறுக்கு மாவு மாதிரி திரியாக நீண்டால் ரோலரைத் தொடாதீர்கள். ஈரக் களிமண்ணில் ரோலர் ஓட்டினால் மேலே மூடிக்கொண்டு, நீங்களே இன்னொரு தொளி அடித்த மாதிரி ஆகிவிடும். உதிர்ந்தால் ஓட்டலாம்.

இரண்டாம் படி: தேதி

ஐப்பசி, கார்த்திகை வேண்டவே வேண்டாம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு, பல நாள் கரண்ட் இல்லை, குடிதண்ணிக்கு அலைந்தோம். அப்படி ஒரு வாரத்தில் வெளிமாநிலப் பிள்ளைகள் ஆயிரம் பேர் நம் விடுதியில் இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அது போதும், மேலிடத்துக்குக் கடிதம் எழுதத் தைரியம் வந்துவிடும்.

மார்கழிக் கடைசியும் தையும் நல்ல காலம். ஆனால் அதிலும் மூன்று கண்ணி இருக்கிறது. திருச்சி என்றால் ஸ்ரீரங்கத்து வைகுண்ட ஏகாதசி. தஞ்சாவூர் என்றால் திருவையாற்றுத் தியாகராஜர் ஆராதனை. அந்த நாட்களில் நடுவர்களுக்கு லாட்ஜில் ஒரு அறை கிடைக்காது. மூன்றாவது பொங்கல். பொங்கலை ஒட்டி ரயில் டிக்கெட் அணிகளுக்குக் கிடைக்கவே கிடைக்காது. முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கும், திறந்த சில நிமிடத்தில் முடிந்துவிடும். உங்கள் தேதி குறைந்தது மூன்று மாதம் முன்பே எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் போய்ச் சேர வேண்டும்.

மூன்றாம் படி: கணக்கு

நாக்-அவுட்டில் ஒரு ஆட்டத்துக்கு ஒரு அணி வீட்டுக்குப் போகும். ஆகவே எத்தனை அணி போக வேண்டுமோ அத்தனை ஆட்டம். இதை மனதில் வைத்துக்கொண்டால் பிக்சர் என்கிற ஆட்ட அட்டவணை போடும்போது பதறமாட்டீர்கள்.

75 அணி பதிவு செய்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு அணி மிஞ்ச வேண்டும். 71 ஆட்டம். மிஞ்சிய நான்கும் ஒன்றோடொன்று மோதும் லீக் 6 ஆட்டம். மொத்தம் 77. பை, அதாவது முதல் சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகிற அணி, எத்தனை? 75க்கு மேலே உள்ள இரண்டின் அடுக்கு 128. அதிலிருந்து 75 போனால் 53. ஆக 53 அணிக்கு முதல் சுற்றில் பை, மீதி 22 அணி 11 ஆட்டம் ஆடும், இரண்டாம் சுற்றில் சரியாக 64 நிற்கும். போன வருடத்து முதல் நான்கு அணிகளையும் நான்கு கால்பகுதியில் தனித்தனியாகப் போட்டுவிட்டு, மீதியை எல்லார் முன்னாலும் சீட்டுக் குலுக்கி எடுங்கள். வீடியோ எடுத்து வைப்பது நல்லது. எதற்கு என்று பிறகு தெரியும்.

ஒரு களிமண் மைதானத்தில் நாளுக்கு மூன்று ஆட்டம்தான். நான்காவது ஆட்டம் வைத்தால் கோல் ஏரியா உழுத வயல் ஆகிவிடும். மூன்று மைதானம் இருந்தால் நாளுக்கு 9 ஆட்டம், 71க்குக் குறைந்தது 8 நாள், லீக்குக்கு 3 நாள், மழைக்கு 2 நாள். அந்த 2 நாளை வெட்டச் சொல்லி நிதிப் பிரிவிலிருந்து ஒருவர் வருவார். விட்டுக்கொடுக்காதீர்கள்.

மூன்று மைதானமும் ஒரே ஊரில் கிடைப்பது நல்லது. தஞ்சாவூரில் அன்னை சத்யா அரங்கம், திருச்சியில் அண்ணா விளையாட்டரங்கம் போன்ற அரசு மைதானங்களுக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். தஞ்சாவூரில் ஒன்று, கும்பகோணத்தில் ஒன்று என்று பிரித்தால் இடையில் 40 கிலோமீட்டர். அறுவடைக் காலத்தில் ரோட்டில் வைக்கோல் வண்டிக்குப் பின்னால் ஒரு டீம் பஸ் ஊர்ந்து வருவதை நான் பார்த்திருக்கிறேன். ஆட்டம் 50 நிமிடம் தாமதம்.

இன்னொரு சூட்சுமம். ஒரு அணிக்கு வீரர், கோச், மேனேஜர் சேர்த்து 22 பேர் என்றால் 75 அணிக்கு 1,650 பேர். எல்லாரையும் முதல் நாளே வரச் சொல்லாதீர்கள். ஆட்ட அட்டவணையின் மேல்பாதி முதலில், கீழ்ப்பாதி பிறகு என்று பிரித்தால், ஒரே கட்டிலில் இரண்டு அணி மாறி மாறிப் படுக்கலாம். தோற்ற அணி மறுநாள் அறையைக் காலி செய்துவிடும். பாவம்தான், ஆனால் விடுதிக் காப்பாளருக்கு அவர்கள்தான் தெய்வம்.

நான்காம் படி: கோடு போடுவது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாரும் இதைக் கூலிக்கு விட்டுவிட்டுக் காலையில் வந்து தலையில் கை வைப்பார்கள்.

நீளம் 105 மீட்டர், அகலம் 68 மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். மூலை நேராக இருக்க 9, 12, 15 மீட்டரில் ஒரு முக்கோணம் பிடியுங்கள். 9க்கும் 12க்கும் இடையே வருவது செங்கோணம். நைலான் கயிறு இழுத்தால் நீளும். இரும்பு டேப் வாங்குங்கள். நான்கு மூலையும் அடித்த பிறகு மூலைவிட்டம் இரண்டையும் அளந்து பாருங்கள். இரண்டும் 125 மீட்டர் 10 சென்டிமீட்டர் வர வேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் உங்கள் மைதானம் செவ்வகம் இல்லை, அப்பளம்.

கோல் உள்ளளவு 7.32 மீட்டர், உயரம் 2.44. கம்பத்தின் உள்பக்கத்திலிருந்து இரு பக்கமும் 5.5 மீட்டர் கோல் ஏரியா, 16.5 மீட்டர் பெனால்ட்டி ஏரியா. பெனால்ட்டிப் புள்ளி 11 மீட்டர். நடுவட்டமும், பெனால்ட்டிப் புள்ளியிலிருந்து போடும் வில்லும் 9.15 மீட்டர் ஆரம். கோட்டின் அகலம் 12 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, கோல் கோடு மட்டும் கம்பத்தின் அகலத்துக்குச் சமமாக இருக்க வேண்டும்.

கோடு எதனால் போடுவது? சுண்ணாம்புத் தூள் வேண்டாம். மலிவு என்று நான் அதைத்தான் வாங்கினேன். விடிகாலைப் பனியில் அது நனைந்து ஊறியது. முதல் ஆட்டத்தில் ஒரு கோல்கீப்பர் கோட்டில் விழுந்து பந்தைப் பிடித்தான், எழுந்து கையால் முகத்தைத் துடைத்தான். அவ்வளவுதான். கண்ணைத் திறக்க முடியவில்லை. இருபது நிமிடம் ஒரு பையன் குடம் குடமாகத் தண்ணி ஊற்றிக் கழுவிக்கொண்டே இருந்தான், அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி. பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் அன்று இரவு சோறு இறங்கவில்லை. மறுநாள் கடைத்தெருவில் மூட்டை மூட்டையாகக் கல் கோலமாவு வாங்கி வந்தோம். மாணவிகள் நான்கு பேர் நடுவட்டத்தைப் போட்டார்கள். மார்கழி முழுக்க வாசலில் கோலம் போட்ட கை. கோடு போடும் மெஷின் தோற்றது.

கோல் போஸ்ட்டைப் பின்பக்கம் நன்றாக அறைந்து கட்டுங்கள். ஈரக் களிமண்ணில் ஆணி வழுக்கும். மணல் மூட்டை போட்டு, மேலே ஆள் தொங்கிப் பார்த்துவிட்டுத்தான் நெட் மாட்ட வேண்டும். ஆடும் கம்பம் ஆளைக் கொல்லும்.

ஐந்தாம் படி: பேப்பர்

ஒவ்வொரு வீரருக்கும் பார்க்க வேண்டியவை: எலிஜிபிலிட்டி பாரம் என்கிற தகுதிப் படிவம், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பிளஸ் டூ சான்று, கல்லூரி அடையாள அட்டை, கட்டணம் கட்டிய ரசீது. வயது பொதுவாக 17லிருந்து 25க்குள். ஆனால் அந்த ஆண்டுச் சுற்றறிக்கையில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதுதான் சட்டம். என் ஞாபகத்தையோ உங்கள் ஞாபகத்தையோ நம்ப வேண்டாம். அசலைப் பார்க்காமல் ஜெராக்ஸை வைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள். நான்கு பேர் கொண்ட குழு, ஒரே மேசை, ஒரே பதிவேடு. ஆட்சேபம் என்றால் எழுத்தில், கட்டணத்தோடு, குறிப்பிட்ட நேரத்துக்குள். வாயால் கத்துகிறவருக்கு டீ கொடுங்கள், முடிவு கொடுக்காதீர்கள்.

நடுவர்களை மாவட்டக் கால்பந்துச் சங்கம் வழியாகக் கேளுங்கள். ஒரு ஆட்டத்துக்கு நடுவர், இரண்டு லைன்ஸ்மேன், நான்காவது நடுவர் என நான்கு பேர். நாளுக்கு 9 ஆட்டம் என்றால் 36 பொறுப்பு. ஒருவருக்கு இரண்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது. 18 பேர், கூடவே இரண்டு உபரி. அவர்கள் படியை அன்றன்றைக்குக் கையில் கொடுத்துவிடுங்கள். இதில் இழுத்தடித்தால் அடுத்த வருடம் உங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னாலே போனை வைத்துவிடுவார்கள்.

ஆறாம் படி: சாப்பாடு, தூக்கம், கொசு

கேரளப் பையன்கள் மட்டை அரிசி கேட்பார்கள். ஆந்திரப் பையன்களுக்கு நம் காரம் பத்தாது. அகில இந்தியப் போட்டி என்றால் பஞ்சாப், வங்காளம், மணிப்பூர் எல்லாம் வரும். சப்பாத்திக்குத் தனி ஆள் போடுங்கள். நம் சமையல்காரர்கள் பாசத்தில் வாழை இலை போட்டு, கூட்டு, பொரியல், அப்பளம், பாயசம் என்று மதியம் 12 மணிக்கு அமுக்கிவிடுவார்கள். 3.15க்கு ஆட்டம். இரண்டாம் பாதியில் பிள்ளைகள் ஓட மாட்டார்கள், உருளுவார்கள். ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன் சாதம், பருப்பு, முட்டை. பிறகு வாழைப்பழம். பூவன் தார் நம் ஊரில் மலிவு, இரண்டு தார் எப்போதும் பெவிலியனில் தொங்கட்டும். பாயசம் ராத்திரிக்கு.

விருந்தினர் அறைகளில் கொசுவலை கட்டாயம். அறுவடைக்கு நிற்கிற வயலுக்கு நடுவே விடுதி இருந்தால், முதல் இரவில் யாரும் தூங்கமாட்டார்கள். ஒவ்வொரு அணிக்கும் என்.எஸ்.எஸ். மாணவர் ஒருவரைக் கூடவே விடுங்கள். மலையாளமோ தெலுங்கோ இந்தியோ தெரிந்தவன் என்றால் பாதி வேலை மிச்சம். பெண்கள் போட்டி என்றால் உடை மாற்றும் அறை, கழிப்பறை, இரவுக் காவல், பெண் மருத்துவர் இவற்றை நீங்களே நேரில் போய்ப் பார்த்த பிறகு சரி என்று எழுதுங்கள்.

ஏழாம் படி: ஆட்ட நாள்

தைப்பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். டெல்டாவில் அது கண்ணையும் மறைக்கும். 7 மணிக்கு நடுக்கோட்டில் நின்றால் இரண்டு கோலும் தெரியாது. முதல் ஆட்டத்தை 7.30க்கு வைத்து, நடுவிலிருந்து இரு பக்கக் கம்பமும் தெரிந்தால்தான் விசில் என்று மேனேஜர்கள் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். அடுத்தது 9.45, பிறகு 3.15. இதற்குள் பெனால்ட்டி ஷூட்-அவுட்டும் அடங்கும், பொழுதும் சாயாது. வெயில் ஏறினால் நடுவர் ஒரு நிமிடத் தண்ணி இடைவேளை விடலாம்.

தொடக்க விழாவுக்கு நாதஸ்வரம், தவில் வையுங்கள், வெளிமாநிலப் பிள்ளைகள் போனில் படம் பிடித்துத் தள்ளுவார்கள். பேச்சை மட்டும் மூன்று பேரோடு நிறுத்துங்கள். வணக்கத்துக்குரிய என்று ஆரம்பித்தவர் முடிப்பதற்குள், வார்ம்-அப் செய்த இரண்டு அணியும் ஆறிப்போய்விடும். தசையும் இறுகிவிடும்.

பந்து வயலுக்குள் போகும். நிச்சயம் போகும். பின்னால் ஓடுகிற பையன் செருப்பு கூட இல்லாமல் நெல்லுக்குள் பாய்வான். அங்கே கண்ணாடி விரியன் இருக்கும். எலிக்காக வந்தது, நம் பையனுக்காக வரவில்லை, ஆனால் மிதித்தால் அதற்கு வித்தியாசம் தெரியாது. வேலி ஓரம் நிற்பவனுக்கு முழங்கால் உயர ரப்பர் பூட்ஸும் நீளத் துறட்டியும் கொடுங்கள். மைதானத்துக்கு ஐந்து பந்து வைத்துக்கொண்டால் யாரும் ஓட வேண்டியதில்லை. நெல் மிதிபட்டால் வயல்காரரிடம் அன்றே போய்ப் பேசிவிடுங்கள், மறுநாள் பந்து திரும்பி வர வேண்டும் அல்லவா.

ஆம்புலன்ஸ் உள்ளே வரும் வழியில் கார் நிறுத்தவிடாதீர்கள். முதல் வரிசை வி.ஐ.பி. கார் என்றாலும் சரி. பாம்புக்கடி மருந்து எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று முந்தைய வாரமே கேட்டு எழுதி, மைக் வைத்திருப்பவர் கையில் ஒரு தாள், டாக்டர் கையில் ஒரு தாள் கொடுங்கள்.

மழை வந்துவிட்டால்? தேங்கிய இடத்தில் பந்தைத் தோள் உயரத்திலிருந்து போட்டுப் பாருங்கள். எழும்பாமல் சொத்தென்று உட்கார்ந்தால் ஆட்டம் இல்லை. ஸ்பாஞ்சும் கோணியும் வைத்து ஒற்றி எடுக்கலாம். அவசரத்தில் உலர்மணல் தூவலாம். மரத்தூள் போடச் சொல்வார்கள். போட்டால் அது ஊறிப் புட்டு மாதிரி ஆகி அடுத்த மூன்று நாளைக்கு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இறுதி முடிவு நடுவருடையது. முடிவு எடுத்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, அந்த இரண்டு உபரி நாளில் ஒன்றைச் செலவழியுங்கள்.

பரிசோடு ஞாபகப் பொருளாகத் தலையாட்டி பொம்மை கொடுங்கள். களிமண் பொம்மை ரயில் பெட்டியில் உடைந்துவிடும், காகிதக்கூழில் செய்ததாகக் கேட்டு வாங்குங்கள். கோப்பை வாங்காத அணிகளும் அதைச் சண்டை போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள்.

கடைசி நாள் இரவே பில், வவுச்சர் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுங்கள். விடுதிச் சாவி, தலையணை உறை, பந்து மூன்றையும் எண்ணுங்கள். நெட்டை அவிழ்த்தால் ஈரம் போகக் காயவைத்துச் சுருட்டி, தரையில் போடாமல் உத்தரத்தில் தொங்கவிடுங்கள். தரையில் வைத்தால் அறுவடை முடிந்து வயலை விட்டுக் கிளம்புகிற எலிக்கு முதல் சாப்பாடு அதுதான்.